வலி சொல்லாத நெஞ்சு

ஜூலை 9, 1984
மூன்றாம் வகுப்புக்கு இன்று மரத்தடியில்தான் பாடம். சென்னையிலிருந்து வந்த டாக்டர்கள் வகுப்பறையை எடுத்துக்கொண்டார்கள். நன்றாக நடமாடுகிறவர்களில் யாருக்கு இதயத்து நரம்பு கெட்டிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். வயது, எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீரில் சர்க்கரை – இவ்வளவை வைத்தே சந்தேகப்பட வேண்டியவர்களைப் பிரித்துவிட முடியுமா என்பதுதான் சோதனை. "ஊர்ல எல்லாருக்கும் நெஞ்சுல ஒயர் மாட்டி ஈ.சி.ஜி. பார்க்க முடியாதே டீச்சர்" என்றார் டாக்டர் ஆண்டாளம்மாள்.

என் வீட்டுக்காரர் எனக்குச் சோறு கொண்டுவந்தார். அவரையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜூலை 10
அவரை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் படுக்க வைத்து ஒயர் மாட்டினார்கள். டாக்டரம்மா கையை உயர்த்தும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறக்கும்போது விட வேண்டும். தாளில் கோடு ஓடியது. "பாத்தியா கனகா, எப்டி ஒரே சீரா ஓடுது" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூச்சை இழுத்தால் துடிப்பு ஏற வேண்டுமாம், விட்டால் குறைய வேண்டுமாம். இவருக்கு அசையவே இல்லை. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. சர்க்கரை பல வருஷமாகவே இருந்திருக்கும், அதுதான் இதயத்து நரம்பைக் கெடுத்திருக்கிறது என்கிறார்.

"இவருக்கு மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாமப் போகலாம். திடீர்னு வேர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ, வலிக்கலையேன்னு இருந்துடாதீங்க."

வலி தெரியாதா? அப்படியும் ஒரு நோயா?

ஜூலை 13
காபியில் சர்க்கரை இல்லை. அவர் என்னோடு பேசவும் இல்லை.

ஜூலை 22
காலையில் அவர் சட்டென்று எழக் கூடாது. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து காலை நேரத்தில் நாங்கள் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. செய்யாற்றில் வெள்ளம் வந்தபோது கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறியதைச் சொன்னார். இவ்வளவு வருஷம் இதை எங்கே வைத்திருந்தார்?

ஆகஸ்ட் 28
எங்கள் நிலத்தில் வேலை செய்யும் சுப்பன் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். "டீச்சரம்மா, அண்ணன் பம்பு செட்டாண்ட குந்திக்கினு கீறாரு. சட்டையெல்லாம் நனஞ்சி பூட்ச்சி. கேட்டா ஒண்ணும் இல்லன்றாரு."

போய்ப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்திருந்தது. "வெயிலு கனகா. நீ போயி புள்ளைங்களப் பாரு." மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் ஒண்ணும் இல்லை என்கிறது. அவர் பேச்சை நான் கேட்கவில்லை. சுப்பன் ரோட்டில் நின்று ஒரு செங்கல் லாரியை மறித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி.

மாரடைப்புதானாம்.

படுக்கையிலிருந்து என்னைக் கேட்கிறார்: "இன்னாத்துக்கு அழுவுற? எனக்கு ஒண்ணும் வலிக்கலயே."

வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஐயோ, வலிச்சிருந்தா அவரே சொல்லியிருப்பாரே –

ஆகஸ்ட் 31
இனிப் பயமில்லை என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அந்த ஒயரை மாட்டாமல் இருந்திருந்தால் நானும் வெயில் என்றுதான் நினைத்திருப்பேன். நிழலில் படுக்க வைத்து மோர் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போயிருப்பேன்.

செப்டம்பர் 19
வீட்டுக்கு வந்து சில நாளாகிறது. எதைச் சொன்னாலும் சரி என்கிறார். உப்புக் குறைந்த குழம்பா, சரி. நிலத்தைச் சுப்பன் பார்த்துக்கொள்ளட்டுமா, அதற்கும் சரி. எப்போதும் சத்தம் போடுகிறவர் வீட்டில் சத்தமே இல்லையே என்று தெருவில் கேட்கிறார்கள். இந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 14
ஞாயிறு. நடவு பார்க்கப் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன்.

"நா இன்னா கொழந்தையா? எந்நேரமும் என் மூஞ்சியே பாத்துக்கினு கீற. பேஜாரா பூட்ச்சி உன்னோட." செம்பை டொக்கென்று வைத்தார்.

இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு இரண்டு பேருமாக மெல்ல நடந்து போனோம். வரப்பில் நின்றுகொண்டு, நாற்றை நெருக்கி நடுகிறார்கள் என்று சுப்பனிடம் சண்டை பிடித்தார். நான் தடுக்கப் போனதும் சுப்பன் என் பக்கம் குனிந்து, "உடுங்க டீச்சரம்மா, கத்தட்டும்" என்றார்.