இரண்டு டியூப் கேட்ட தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் உட்கார்ந்து எழுதும் கடிதம். உட்கார்ந்து என்பதைக் கவனி. போன வருஷமாக இருந்தால் ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து நின்றபடிதான் எழுதியிருப்பேன். உன் அண்ணி நலம். பெரியவள் நலம். சின்னவள் கணக்குப் பாடத்தில் மட்டும் நலமில்லை.

"உனக்கு இருந்த அதே சமாச்சாரம்தான்ணே எனக்கும். ரத்தம் போகுது, வலி ஒண்ணும் இல்ல. ஆளும் இளைச்சு ஸ்டைலா ஆயிட்டேன். நீ போடுற களிம்புல ரெண்டு டியூப் வெல்டர்கிட்ட குடுத்தனுப்பு" என்று எழுதியிருக்கிறாய். லீவு முடிந்து நீ வேலை பார்க்கும் இடத்துக்கே திரும்பும் உன் கூட்டாளி வெல்டரிடம் இந்தக் கடிதத்தை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். களிம்பு கிடையாது. திட்டிக்கொள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய பின்பக்கம் இது. வழியில் எங்கே ஒதுங்குவது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிற ஜாதி நாங்கள். காலையில் முதல் டிரிப்புக்கு முன், வர விரும்பாததையும் முக்கி வரவழைப்போம். அதில் கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடித் துண்டு வெளியேறுகிற மாதிரி இருக்கும். அப்புறம் இரண்டு மணி நேரம் எரியும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டியதைப் பார்த்த கண்டக்டர், "என்னண்ணே, ஹீரோ மாதிரி ஓட்டுறீங்க" என்றான். ஹீரோவுக்குக் கண்ணில் தண்ணீர்.

அண்ணிதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா திரும்பிப் படுக்கச் சொன்னதும் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன், கதவருகே அண்ணி நின்றாள். "இது மூலம் இல்லைங்க, ஆசனவாய்ல வெடிப்பு. நாள்பட்டுப் போச்சு. சொன்னதைச் செஞ்சா கத்தி வைக்காமலே பார்க்கலாம்" என்றார். தினம் இரண்டு வேளை பட்டாணி அளவு களிம்பு. போட்டது ஓரிடம், விண்விண்ணென்று வலித்தது தலை. அந்த மருந்து அப்படித்தானாம். நார்ச்சத்துப் பொடி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். முக்கக் கூடாது, செல்போனோடு உள்ளே குடியிருக்கக் கூடாது. போய் வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். துணி ஊறவைக்கும் டப்பில் உன் அண்ணன் மகாராஜா மாதிரி வீற்றிருந்த காட்சியை நீ பார்க்காததே நல்லது. ஏழாவது வாரம் எரிச்சல் நின்றது.

அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. டெப்போ ஓய்வறையில் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். ஒவ்வொருத்தராகத் தனியே வந்து "எனக்கும்தான்" என்று காதைக் கடித்தார்கள். டாக்டர் முன்னால் துணி அவிழ்க்க எல்லோருக்கும் வெட்கம். நான் டாக்டராகிவிட்டேன். என் மருந்துச் சீட்டையே காட்டி எட்டுப் பேருக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

அவர்களில் மீசை என்று நாங்கள் கூப்பிடும் டிரைவரும் ஒருத்தர். உன் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டி வந்தாரே, அவர்தான். "ரத்தம் மட்டும்தான்டா, வலியே இல்ல. உன்னைவிட நான் குடுத்து வச்சவன்" என்றார். "உடம்புச் சூடு, களிம்பைப் போடுங்க" என்றேன் நான். ஐந்து மாதம் போட்டார். இளைத்தார். "தொப்பை கரைஞ்சுது பாருடா" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம்.

போன மாதம் டெப்போ வாசலில் மயங்கி விழுந்தார். குடலில் கட்டி. கல்லீரல்வரை பரவிவிட்டதாம். டாக்டரம்மாவிடம் ஓடினேன். "வெடிப்புன்னா வலிக்கும். வலியில்லாம ரத்தம் போய், எடையும் குறைஞ்சா உள்ளே பார்த்தே ஆகணும். அந்தச் சீட்டு உங்களுக்கு எழுதினது" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். கட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதாண்ணே இவருக்கு மருந்தெல்லாம் வாங்கிக் குடுத்தீங்க, கூடப்பிறந்தவங்ககூட செய்யலை" என்று அழுதார். மீசை என்னையே பார்த்தார். நான் கையை விடுவித்துக்கொண்டு அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

தம்பி, உனக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சாதாரண மூலமாக இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது நானில்லை. கடிதத்தை மடித்து வைத்ததும் டாக்டரிடம் போ. குழாய் விட்டுப் பார்க்கணும் என்றால் சரி என்று சொல். வெட்கமாக இருந்தால் அண்ணன் அடிப்பான் என்று அவரிடமே சொல்லு. சும்மா பயமுறுத்திட்டியேண்ணே என்று நீ ஆயுசுக்கும் கேலி செய், கேட்டுக்கொள்கிறேன்.

போனை அண்ணிக்குப் போடாதே, எனக்குப் போடு. ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். போன் பக்கத்திலேயே இருப்பேன்.

நீ நூறு வயசு இருக்கணும்டா. இருந்துடு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அண்ணன்