அமைதி நகரில் நம் வீட்டு வாசல்

அமைதி நகர்,
வடலூர் ரோடு,
நெய்வேலி.
20-1-1985

அன்பு மகள் விஜயகுமாரிக்கு அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்பைப் பொறுத்தவரை சுகமாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. பொங்கல் வந்து போனது, பால் பொங்கியது, அவ்வளவுதான், கரும்பு வாங்கவில்லை, கடிக்க இங்கே யார் இருக்கிறார்கள். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு தலைசுற்றல் குறைந்திருக்கிறது, காதுதான் முன்னைவிட மோசம், சுரங்கத்தில் அத்தனை வருஷம் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற காது வேறெப்படி இருக்கும். உன் அத்தை மகனுக்கு இன்னும் கான்ட்ராக்ட்தான், பெர்மனென்ட் ஆகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம், அதை நம்பிப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நீ ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே, ஈரத்தலையோடு படுத்தால் உனக்கு உடனே சளி பிடிக்கும்.

போன கடிதங்களில் எல்லாம் நம் நகர்ப் பாதையின் போட்டோ கேட்டிருந்தாய். இனிமேல் வரப்போகிற ஊர்களுக்கு உங்கள் ஆபீஸில் வரைபடம் போடுகிறார்கள், மனுஷர் நடந்து போவதற்கென்று பாதை விட்டால் இந்தக் காலத்தில் யார் நடக்கிறார்கள் என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள், எங்கள் ஊரில் நடக்கிறார்கள் பாருங்கள் என்று காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு தடவையும் அப்பா, மழை விடட்டும் எடுத்து அனுப்பலாம் என்றார். மழை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அவர் எழுத மாட்டார் பாப்பா, அதனால் நான் எழுதுகிறேன். போட்டோ எடுப்பதற்கு அந்தப் பாதை இப்போது இல்லை.

அப்பா ரிட்டயர் ஆகப்போகிற வருஷம் நீ லீவில் வந்து நம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் பாயை விலக்கிவிட்டு, ரிட்டயர் ஆகிறவர்கள் சேர்ந்து கட்டப்போகிற நகருக்கு நீ வரைந்த அந்தப் பெரிய தாளை விரித்தாயே, அதைப் பார்க்க பிளாக்கே நம் வீட்டில் கூடி நின்றது. டவுன்ஷிப்பில் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள், வயசானவர்கள் மரநிழலிலேயே மார்க்கெட் போய் வருகிறார்கள், சர்வீஸ் முடிந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் அந்த நிழலும் முடிந்துவிட வேண்டுமா என்று நீ கேட்டாய். அதைக் கேட்டு எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. நடுவில் நடக்கவும் சைக்கிளுக்கும் மட்டும் ஒரு அகலமான பாதை, பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைசியில் நம் வீடு வரைக்கும், இரண்டு பக்கமும் வீட்டு வாசல்கள், பாதை நெடுக புங்க மரம், பாதி வழியில் ஒரு கடையும் பிள்ளைகள் விளையாட இடமும், லாரி வண்டியெல்லாம் வீடுகளுக்குப் பின்னால் சுற்றி வரும் மண் ரோட்டில். அல்லா பிச்சை அண்ணன் அதற்குப் பாப்பா பாதை என்று பெயரே வைத்துவிட்டார். அவரும் அப்பாவும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், மனை எடுக்கும்போதும் எதிரெதிர் வீடாக வேண்டும் என்று அடம் பிடித்து எடுத்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நீ வந்தபோது எல்லாம் நீ வரைந்தபடிதான் இருந்தது, நீயே பார்த்தாய்.

நீ போன பிறகு முதலில் கடைக்கும் விளையாட்டுக்கும் விட்ட இடம் போனது. நம் நகர்ச் சங்கத்துக்குச் செக்ரட்டரி துரைராஜ், ஸ்டோர்ஸில் இருந்தாரே அவர்தான். தண்ணீர்த் தொட்டி கட்டச் சங்கத்தில் காசில்லை, அதை மனையாக விற்றால்தான் முடியும் என்றார். கூட்டத்தில் அப்பாவும் அல்லா பிச்சை அண்ணனும் மட்டும் வேண்டாம் என்றார்கள். தண்ணீர் வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார், இடம் மனையாகிவிட்டது. சரி, பாதை இருக்கிறதே என்று அப்பா மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம் நல்லசாமி வீட்டுக் கல்யாணம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் இறங்கினதும் முதல் வீடு அவருடையது, சேலத்துப் பக்கத்துக்காரர், பூனைக்குட்டி மாதிரி சாதுவான மனுஷன். மகள் கல்யாணத்துக்குப் பாதையை அடைத்துப் பந்தல் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒவ்வொரு வீடாக வந்து கேட்டார். எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதித்தோம், நானும் அல்லா பிச்சை அண்ணன் வீட்டு தாஜ் பீவியும்தான் அந்தப் பந்தலில் உட்கார்ந்து காய் நறுக்கினோம். கல்யாணம் முடிந்து கீற்றைப் பிரித்தார்கள், கம்பத்தைப் பிடுங்கவில்லை. கொஞ்ச நாளில் கம்பத்துக்கு மேல் தகரம் வந்தது, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் வெயிலில் நிற்கிறது என்றார். தகரம் வந்த பிறகு மழைச்சாரல் அடிக்கிறதென்று பக்கத்துக்குச் சுவர் வந்தது. பாதையில் அவர் பாதியை எடுத்தால் நான் என்ன இளிச்சவாயனா என்று அவருக்கு எதிர்வீட்டு துரைராஜ் மீதிப் பாதியை எடுத்தார். அதோடு பாதையின் வாய் அடைபட்டுவிட்டது. அடைபட்ட பாதை எதற்கு என்று உள்ளே இருந்தவர்களும் ஆளுக்குப் பாதியாக இழுத்துச் சுவர் வைத்துக்கொண்டார்கள். அப்பா போய்க் கேட்டதற்கு, "ஏனுங்க கோவிச்சுக்கிறீங்க, பின்னாடி ரோடு இருக்குதில்லீங்க, கொஞ்சம் சுத்திப் போனா ஆச்சு" என்று நல்லசாமி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். நீ நட்டுவைக்கச் சொன்ன புங்கங்கன்றுகளில் நம் வீட்டு முன்னால் நின்றது மட்டும் மிஞ்சியது. கடைசியில் நம் வாசலும் அல்லா பிச்சை அண்ணன் வாசலும் சேர்ந்த துண்டு மட்டும் பாதையாக நின்றது, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முந்திரித் தோப்பு வேலி.

பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்க மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறி, அங்கிருந்து லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓரமாக நடந்து போக வேண்டும். அப்பாவுக்கு ஹாரன் காதில் விழாது. ஒருநாள் ஒரு டிரைவர் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனான், அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தாஜ் பீவிக்கு முட்டி வலியும் இளைப்பும் சேர்ந்துகொண்டதால் அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். முன்பெல்லாம் சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம், வழியில் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்துவிடுவோம். "நடந்துகினு இருந்த வரைக்கும் எனக்கு வயசானதே தெரில அக்கா" என்று என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன்.

ஐப்பசியில் புயல் மழை பிடித்ததே, அப்போது நடந்ததைத்தான் உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. மத்தியானம் அல்லா பிச்சை அண்ணன் நனைந்துகொண்டே ஓடி வந்து, "அண்ணே, அவளுக்கு மூச்சு வுட முடியல, சீக்கிரம் வாங்க" என்றார். அப்பா குடை கூட எடுக்காமல் மெயின் ரோட்டுக்கு ஓடிப் போய் ஒரு வேனை நிறுத்திவிட்டார். டிரைவர் நல்லவன், ஆனால் மண் ரோட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள வுட்டா சக்கரம் பூந்துக்கும் பெரியவரே, தூக்கினு வந்துடுங்க" என்று பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்திக்கொண்டான். கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கினார்கள். சுற்றி எடுத்துப் போனால் தாங்காது, சுவர் ஏறி ஏறியாவது நேராகப் போய்விடலாம் என்று அப்பா சொல்ல, வீட்டுக்கு வீடு கதவைத் திறந்துவிட்டார்கள், கைமாற்றிக் கைமாற்றிச் சுவருக்கு மேலே கட்டிலைக் கொடுத்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் நல்லசாமியின் தகரக் கொட்டகை. அதற்குள் சிமெண்ட் மூட்டையும் பழைய பீரோவும் அடுக்கியிருந்தார்கள், கட்டில் திரும்பவில்லை. அந்த மனுஷன் அழுதுகொண்டே மூட்டைகளை இழுத்து மழையில் எறிந்தார் பாப்பா, என் கண்ணால் பார்த்தேன். பீரோ அசையவில்லை. அதற்குள் வேன் டிரைவரும் இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டான். கட்டிலை விட்டுவிட்டு அவளைக் கையிலேயே தூக்கிக்கொண்டு இடுக்கில் நுழைந்தார்கள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேனில் ஏற்றும்போது என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இல்லை.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது, இருதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார். அந்தச் சொல்ல முடியாது என்ற வார்த்தையைத்தான் அப்பா இன்னும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவளை அடக்கம் செய்த பிறகு சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்களும் போனோம். இனி சுவரெல்லாம் போய்விடும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். எல்லோரும் அழுதார்கள், அது பொய் அழுகை இல்லை. மற்றவர்கள் இடித்தால் அன்றைக்கே என் சுவரையும் இடித்துவிடுகிறேன் என்று நல்லசாமி எழுந்து நின்று சொன்னார். அடுத்தவர், பாதை வாயில் இருக்கிறவர் முதலில் இடிக்கட்டும் என்றார். துரைராஜ், பாதை இடத்தையும் சேர்த்துப் பத்திரத்தைத் திருத்தி எழுதியாகிவிட்டது, இப்போது இடிப்பதானால் சர்வேயர் வர வேண்டும் என்றார். இன்னொருவர் சுவரோடு கக்கூஸ் கட்டியிருக்கிறார், அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று கேட்டார். இப்படியே பேசிக்கொண்டிருக்கும்போது டீ வந்தது. டீ குடித்த பிறகு தாஜ் பீவிக்கு ஓர் அனுதாபத் தீர்மானம் போட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அல்லா பிச்சை அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "எனக்காவ யாரும் ஒண்ணும் இடிக்க வேணாங்க. நா இனிமே யாரோட நடக்கப் போறேன்" என்றார். அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்தில் மகள் முனவரா வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அந்த வீட்டை அண்ணன் இப்போது யாரோ ஒரு கான்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவன் நம் வாசலுக்கு நேரே செங்கல்லும் ஜல்லியும் குவித்திருக்கிறான். வெளியே போக வழியில்லாத இடம் என்பதால் சுவருக்கு மேலிருந்து குப்பையும் விழுகிறது, மழைத்தண்ணீர் தேங்கி வாசற்படி வரைக்கும் பாசி. போன வாரம் நடு வீட்டில் ஒரு பாம்பு வந்துவிட்டது. அப்பா தினமும் மண்வெட்டி எடுத்து வாரிக்கொண்டுதான் இருந்தார். நேற்று வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்து, "பாதைன்னா ஆள் போகணும் வரணும். இது குழி, இதப் பாத்துக்கிட்டு எதுக்கு வாசல்" என்றார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து தங்கியிருக்கிற கொத்தனாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். நாளைக் காலையில் வருகிறார். நம் முன்வாசலை அடைத்துவிடப் போகிறோம் பாப்பா. பாதை இடத்தில் ஒரு விரல்கடைகூட எடுக்கக் கூடாது, என் எல்லையில் நின்று கட்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு கொத்தனார் சிரித்தாராம்.

இதற்காக நீ அப்பாமேல் கோபப்படாதே. உன் படத்தை அவர் அவமதிக்கவில்லை, கடைசி வரைக்கும் தாங்கிக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அவருக்கு எழுதும்போது பாதையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, உங்கள் ஊரில் என்ன காய் கிடைக்கிறது, யார் எப்படிச் சமைக்கிறார்கள் என்று ஏதாவது எழுது, அதை இரண்டு தரம் படிப்பார். உன் ஆபீஸில் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தது, இல்லாமல் போய்விட்டது என்று சொல், அதைக் கெட்டவர்கள் யாரும் கெடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அதற்கு அவர்களிடம் ஏதாவது வழி இருந்தால் எனக்கும் எழுது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உனக்கு நல்லது நடக்க வேண்டும், தைப்பூசத்துக்கு வடலூர் போக முடிந்தால் உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வேன், நடந்து போகிற மாதிரி இல்லை, பஸ்ஸில் கூட்டம் எப்படி இருக்குமோ. பங்குனியில் லீவு கிடைத்து வரும்போது ஒன்றை மறக்காதே. பஸ் ஸ்டாப்பில் இறங்கி நேரே நடக்காதே, சுவரில்தான் போய் முட்டுவாய். மெயின் ரோட்டோரமாகவே கொஞ்ச தூரம் வந்து, லாரி பார்த்து, மண் ரோட்டில் இறங்கிச் சுற்றி வா. பின்பக்கம் பச்சைக் கதவு நம்முடையது. அடுக்களை வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும், நிலை தாழ்வு, குனிந்து வா.

இப்படிக்கு,
உன் அம்மா
தனபாக்கியம்