தெலுங்கில் சொன்ன பதில்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

காந்திபுரத்தில் பஸ் கிடைக்காமல் இன்றும் தாமதம். நான் போவதற்குள் என் மேஜையில் கிடந்த டீலர் புகார்களை எல்லாம் சாயிரா அக்கா பார்த்து முடித்திருந்தார். "வா கண்ணு, மொதல்ல மூச்சு வாங்கு" என்றார். இந்த பம்ப் கம்பெனியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

பதினொரு மணிக்கு வழக்கம்போல முதலாளி அறைக்கு அழைப்பு. வரதராஜுலு சார் டீ குடிக்கும்போது, வீட்டில் தெலுங்கு பேசுகிற எங்களை மட்டும் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். நாற்காலி, பிஸ்கட், சொந்தக்காரர்கள் கதை எல்லாம் உண்டு. மற்றவர்கள் ஃபைலோடு வந்து, நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு இது உறுத்தியதே இல்லை. உட்கார்ந்திருப்பவளுக்கு ஏன் உறுத்தப்போகிறது?

எங்கள் பிரிவுத் தலைவர் அன்புமணி சார் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். அடுத்தது சாயிரா அக்காதான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

டீ நேரம். சாயிரா அக்கா கையெழுத்துக்காக வந்து மேஜையோரம் நின்றிருந்தார். சார் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் தெலுங்கில் கேட்டார் — அன்புமணி இடத்தில் இந்த அம்மாவைப் போடச் சொல்கிறார்கள், நீ பக்கத்திலேயே இருக்கிறாயே, என்ன சொல்கிறாய்? ஆந்திரா டீலர்களிடம் பேசத் தெலுங்கு வராது. நோன்பு மாதம் வந்தால் பாதி நாள் சோர்ந்து கிடப்பார்கள். நம் பிள்ளை யாராவது அங்கே இருந்தால் எனக்கு நிம்மதி.

பெயரைச் சொல்லாமல், மழை வருமா என்று கேட்பதுபோலச் சிரித்த முகத்தோடு கேட்டார். அக்கா கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். எங்களுக்குப் பழகிப்போன காரியம்தான் இது. ஆள் முன்னாலேயே ஆளைப் பற்றித் தெலுங்கில் பேசிவிட்டு, தமிழில் "அப்புறம், சௌக்கியங்களா?" என்று திரும்பிக்கொள்வது. வீட்டில் விருந்தாளிகள் முன்னாலும் செய்வோம்.

நான் சொன்னேன்: "ஆமாம் சார். போன வருஷம் நோன்பில் ரொம்பவே தளர்ந்துவிட்டார். வேலை தேங்கிப்போயிற்று." தெலுங்கில். சிரித்துக்கொண்டே.

பொய். முழுப் பொய். போன நோன்பில் எனக்கு டைஃபாய்டு. என் வேலையையும் சேர்த்துப் பார்த்தது அக்கா.

சார் கையெழுத்துப் போட்டார். "வாரேனுங்க சார்" என்று அக்கா ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த இடம் எனக்கு வேண்டுமென்று அதுவரை நினைத்ததுகூட இல்லை. இல்லை, நினைத்திருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுது சாய்ப்ரியா.

பிப்ரவரி 19, புதன்

மதியம் அக்கா என்னோடு சாப்பிட உட்காரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு நடக்கிறது. அக்கா எனக்கு முன்னால் வந்துவிடுகிறார். மாலையில் நோன்பு திறக்க வீடு போய்ச் சேரும் அவசரத்திலும் மேஜையில் எதையும் மிச்சம் வைக்காமல்தான் எழுகிறார்.

என் கேவலத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் ஒரு தடவையாவது கண்ணயர மாட்டாரா, ஒரு ஆர்டரையாவது மறக்க மாட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மறந்தால் நான் சொன்னதில் பாதியாவது உண்மையாகிவிடும் அல்லவா.

இன்று சொதப்பியது நான்தான். பெருந்துறைக்குப் போக வேண்டிய மோட்டார்களை அவிநாசிக்கு ஏற்றிவிட்டேன். அக்கா டிரைவருக்குப் போன் போட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். "உடு கண்ணு, ஆருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். குரலில் முன்பிருந்த ஒட்டுதல் இல்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

மார்ச் 28, வெள்ளி

எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆந்திரா வியாபாரம் பெருகுகிறதாம், அதனால் தெலுங்கு தெரிந்தவர் தேவையாம். எல்லோரும் கை தட்டினார்கள். அன்புமணி சார் மட்டும் என்னைப் பார்க்காமல் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

சாயிரா அக்கா வந்து கை கொடுத்தார். "நல்லாருங்க மேடம்."

மேடமாம். அதைக் கேட்டதற்குப் பதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

வீட்டில் அம்மா கேசரி கிளறிவிட்டாள். "மொதலாளி நம்மளைக் கைவிடுவாரா பின்னே" என்று அத்தைகளுக்கெல்லாம் போன். ஞாயிற்றுக்கிழமை யுகாதிக்குப் புதுப்புடவை எடுக்க வேண்டுமாம். சாப்பிட்டேன். கேசரி நன்றாகத்தான் இருந்தது, அதுவே வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம் முடியுமுன் ஆபீசுக்குள் வந்தேன். சாயிரா அக்கா மட்டும் இருந்தார், என் மேஜைப் போனில் பேசிக்கொண்டு. விஜயவாடா டீலர். மோட்டார் காயில் எரிந்துபோன புகார். அந்த ஆள் கத்துவது வாசல்வரை கேட்கிறது.

அக்கா பதில் சொன்னார். தெலுங்கில். தடங்கலே இல்லாமல், என்னுடையதைவிடச் சுத்தமாக. அந்த ஆளைச் சிரிக்கவும் வைத்துவிட்டுப் போனை வைத்தார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, உங்களுக்குத் தெலுங்கு..."

"இத்தன வருசமா என்ற முன்னால பேசிப் பேசி நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? காதையா மூடிக்க முடியும்?"

"அன்னைக்கு சார் ரூம்ல—"

"கேட்டுச்சு."

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"சொல்லி? அடுத்தாப்ல என்னைய வெளிய நிக்கச் சொல்லிப்போட்டுப் பேசுவாங்க. உள்ள நின்னாலாவது என்ன பேசறாங்கன்னு தெரியுமல்லோ." அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "சார் கேட்டது எனக்குப் புதுசில்ல. உன்ற பதிலத்தான் நான் எதிர்பாக்கல."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நல்லவேளை வந்தார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அய்யோ, எத்தனை வருசம். அவங்க முன்னால என்னென்னவெல்லாம் பேசியிருக்கோம்! அவங்க பர்தா பத்தி. அவங்க தெரு பத்தி. ரம்ஜானுக்குக் கொடுத்த பிரியாணியைத் தின்னுட்டு, அதையும் நக்கலடிச்சோமே. எல்லாத்தையும் கேட்டுட்டு சிரிச்ச முகமா போயிருக்காங்க. நானெல்லாம் மனுஷியா?

மே 5, திங்கள்

அக்கா ராஜினாமா கொடுத்துவிட்டார். பெருந்துறையில் ஒரு கம்பெனியாம். தினமும் கோட்டைமேட்டிலிருந்து அங்கே போய் வர வேண்டும். இந்த வயதில், அந்த பஸ் நெரிசலில்.

சார் எல்லோர் முன்னாலும் நல்ல தமிழில் சொன்னார்: "சாயிராம்மா போறது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி." அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது என் மேஜையைத் தாண்டித்தான் போனார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவின் இடத்துக்கு நேர்காணல். ரம்ஷா என்று ஒரு பெண் வந்திருந்தாள், வீடு கரும்புக்கடைப் பக்கம். கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில். எனக்குப் பிடித்திருந்தது.

சார் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் நோன்பு, வெள்ளிக்கிழமையானால் தொழுகை, இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா?

தமிழில் சொன்னேன்.

"நோன்புக்காக சாயிரா அக்கா ஒரு நாள்கூட வேலைய விட்டதில்லீங்க சார். அன்னைக்கு நான் உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க. இந்த நாற்காலி அவங்களுதுங்க. இந்தப் பொண்ணயும் அதையே சொல்லி அனுப்பிப்போடாதீங்க."

ரம்ஷா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சார் அவளிடம், "சரிம்மா, சொல்லி அனுப்பறமுங்க" என்றார், மரியாதை குறையாமல்.

அவள் போனபின் என் வேலையும் போகும் என்று காத்திருந்தேன். சார் சிரித்தார். உண்மையாகவே, வயிறு குலுங்கச் சிரித்தார். "நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தக் கோபம் வரும். அப்படியே உன் தாத்தா" என்றார். தெலுங்கில்.

ஜூன் 18, புதன்

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் திட்டுகூடக் கிடையாது. ரம்ஷாவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜூன் 22, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் செய்தேன், எடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். சாரிடம் சொன்னதையும் சொன்னேன்.

"அவர் மூஞ்சிக்கு நேராவா சொல்லிப்போட்ட?" ஆச்சரியப்பட்டார். "என்ன சொன்னாரு?"

"சிரிச்சாருக்கா."

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"நான் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரா?"

அக்காவே, "சரி, அடுப்புல வேல கெடக்குது" என்று வைத்துவிட்டார். மன்னித்தாரா இல்லையா தெரியவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ஜூலை 2, புதன்

அக்காவின் இடத்தில் ரவிதேஜா சேர்ந்தான். முதலாளிக்குத் தங்கை வழியில் சொந்தம். நான்தான் வேலை பழக்க வேண்டும். நல்ல பையன்தான், அவன்மேல் என்ன கோபம்.

காலையிலிருந்து தெலுங்கில்தான் பேசினான். எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பதில் சொன்னேன். அப்படி ஒரு வீறாப்பு எனக்கு. மதியத்துக்குமேல் குழம்பிப்போய், தமிழிலேயே கேட்டான். "ஏனுங்க்கா, நீங்களும் நம்ம ஆளுகன்னுதான மாமா சொன்னாரு? இல்லீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

"ஆமாப்பா" என்றேன்.