பனியன் ஓரத்தில் சிவக்குமார்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. பனியன் பிரிண்டிங் பட்டறைக் கதவைத் திறந்தால் தெருத் தூசி முழுக்க ஈரப் பிரிண்ட் மேல். காலையில் அடித்ததில் பாதி வீண். மேசையில் அடிக்கிறவன் முன்னா, பீகார்க்காரன். காற்றை ஹிந்தியில் திட்டினான். கேட்க நன்றாக இருந்தது.

மதியம் எங்கள் கட்சி வார்டு செயலாளர் போன். சனிக்கிழமை கார்கில் நினைவு நாள் விழா. சென்னையிலிருந்து தலைவரே வருகிறார். எல்லையில் உயிர்விட்ட நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை. "உங்க ஊட்டுக்காரம்மாவ மேடையேத்திக் கௌரவிக்கிறமுங்க. சிவக்குமார் படம் போட்டு டி-ஷர்ட்டு. அடிக்கிறது நீங்கதான்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே சரி என்றேன். மல்லிகாவைக் கேட்காமலே.

சாயங்காலம் அவள் கம்பெனி விட்டு வந்ததும் சொன்னேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சரின்னு சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டேன்."

"அப்பறம் எங்கிட்ட என்னத்துக்குங்க கேக்கறீங்க?"

கோபமா, சிரிப்பா, முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து: "மாமாவையும் வரச் சொல்லுங்க. சந்தோசப்படுவாரு."

மாமா என்றால் மல்லிகாவின் முதல் கணவர் சிவக்குமாரின் அப்பா. கணியூரில் தனியாக இருக்கிறார். மகன் போன பிறகு மருமகளுக்கு மாப்பிள்ளை தேடி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் என்னைப் பிடித்தவர். என் கல்யாணத்தில் பெண்ணைத் தாரை வார்த்ததும் அவர்தான்.

சிவக்குமார் எங்கள் ஹாலில் யூனிபார்மில் இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரே வீடு. காலையில் பல் துலக்கிக்கொண்டே அவருக்கு ஒரு தலையாட்டல். பழகிவிட்டது.

வாங்க வேண்டியது: வெள்ளை டி-ஷர்ட் (காதர்பேட்டை, ரசாக் பாய்). கறுப்பு இங்க். மாமாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஜூலை 22, செவ்வாய்

டிசைன் வந்தது, வாட்ஸ்அப்பில். நெஞ்சு முழுக்கத் தலைவர் முகம். அதற்குக் கீழே மாவட்டச் செயலாளர், அதற்குக் கீழே வார்டு செயலாளர். இடுப்போரம் வலப்பக்கம், தீப்பெட்டி அளவுக்கு, சிவக்குமார்.

ஸ்கிரீன் போட்டுப் பார்த்தேன். அந்த அளவில் கண் வரவில்லை. தொப்பியும் மீசையும்தான்.

செயலாளருக்குப் போன். "கொஞ்சம் பெருசாப் போடலாங்களா?"

"அண்ணன் மொகம் தெரியோணுமுங்க. அதான் முக்கியம்."

"விழா வீரர்களுக்குத்தானுங்களே?"

"ஆமாங்க. அதுக்குத்தானே அண்ணன் வர்றாரு."

அடித்தேன். ஏன் அடித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. ஏதோ ஓரத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன் போல.

முன்னா முதல் டி-ஷர்ட்டைத் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் விரல் வைத்து, "வீட்டு போட்டோ சாப்?" என்றான். ஆமாம் என்றேன். அதன் பிறகு அந்த இடத்தில் மட்டும் இரண்டு முறை இங்க் இழுத்தான். அப்படியும் கண் வரவில்லை.

பல் வலி வேறு. கிராம்பு.

ஜூலை 23, புதன்

காற்று குறையவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து யாருடைய பாவாடையோ எங்கள் வாசலுக்கு.

செயலாளர் வீட்டுக்கே வந்தார். மல்லிகா டீ கொடுத்தாள். குடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். மேடையில் அவள் படிக்க வேண்டியதாம். 'எதிரியின் குண்டுக்கு மார்பைக் காட்டிய என் கணவர்' என்று ஆரம்பம். முடிவில் தலைவருக்கு ஓட்டு.

மல்லிகா நிதானமாகப் படித்தாள். "குண்டுபட்டுச் சாகலீங்களே. பனியில போனவருங்க."

"தெரியுமுங்கம்மா. ஆனா சனத்துக்குப் பனி புரியாதுங்க. குண்டுன்னாத்தான் புரியும்."

இன்னும் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. "அம்மா மேடைக்கு வரையில சித்த சிம்பிளா வந்தா நல்லா இருக்குமுங்க. இந்தப் பொட்டு, பூவு… போட்டோவுல உறுத்தும் பாருங்க. நீங்களும் கீழயே உக்காந்துக்கங்க. தப்பா நெனைக்காதீங்க."

அவர் போன பிறகு மல்லிகா டம்ளரைக் கழுவினாள். ஒரே டம்ளரை ரொம்ப நேரம். நான் அவள் பின்னால் நின்றேன். "நாலு வார்த்தைதான. படிச்சுட்டு வந்துரலாம்" என்று என் வாய் சொன்னது.

திரும்பிப் பார்த்தாள். "நீங்களாங்க இதச் சொல்றீங்க?"

அவ்வளவுதான். சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள்.

இருபது வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோயமுத்தூர் போனவன் நான். ஓட்டத்தில் தேறினேன். மார்பளவு பத்தவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த வருடம் கட்சி. நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும், வேறு வழி தெரியவில்லை. போஸ்டர் ஒட்டினேன், பூத்தில் உட்கார்ந்தேன், கொடி கட்டினேன். இவ்வளவு நாளும் நாட்டுக்குச் செய்கிறோம் என்றே நினைத்திருந்தேன். இன்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அது ஆட்டம் கண்டுவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பல் பிடுங்கினேன்.

மாமா வந்தார். இரண்டு பையில் தேங்காய், முருங்கைக்காய், ஒரு பூசணி. "பஸ்ஸுல பூசணிக்கும் டிக்கெட்டு வாங்கச் சொல்றான் மாப்ளை, கண்டக்டரு." வந்ததும் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தார். கைக்குட்டையில் சுற்றி மெடல்.

அந்தத் தாளை மல்லிகா அவரிடம் படித்துக் காட்டினாள். காதில் கை வைத்துக் கேட்டார்.

"குண்டா? எந்தக் குண்டு?"

"அப்புடிப் படிக்கச் சொல்றாங்க மாமா."

"கோழி அறுக்கறப்பவே எந்திரிச்சு வெளிய போயிருவான் அவன்." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. பனி சரிந்ததையும், புதைந்தவர்களைத் தோண்டி எடுக்க இறங்கினவர்களில் சிவக்குமாரும் ஒருவர் என்பதையும், இரண்டு பேரை மேலே தள்ளிவிட்டார், அதற்குள் மறுபடி சரிந்தது என்பதையும் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான். அவர் வாயால் முதல் தடவை. "கையில மம்புட்டிகூட இல்லியாமா கண்ணு. வெறுங்கையில தோண்டுனானாமா."

அப்படியென்றால் போக வேண்டாம் என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு பேரச் சொல்ற எடத்துக்கு நாம போகாம வேற யாருங்க போவா? போலாம். மூணு பேரும்."

எங்கே சொல்வது? இதை எழுதும்போது அவள் மேல் இருக்கிற பிரியம் தாங்கவில்லை.

ஜூலை 26, சனி

நடந்ததை நடந்தபடி.

மல்லிகா அரக்குப் பட்டு. தலை நிறைய மல்லிகை. பொட்டு வழக்கத்தைவிடப் பெரிது. கண்ணாடி முன்னால் நின்று, "உறுத்துதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அழைப்பிதழில் காலை. தலைவர் வந்தது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி. அதுவரை பந்தலுக்குக் கீழே. காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. வேனில் இறக்கின ஆட்கள் எல்லாருக்கும் நான் அடித்த டி-ஷர்ட். மைதானம் முழுக்கத் தலைவர் முகம். மாமா கசங்காமல் இருக்க வேண்டும் என்று நாற்காலியில் சாயவே இல்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் இல்லை என்று மல்லிகா தண்ணீரும் குடிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு குரல்: "எந்த வீரருங்க?" இன்னொரு குரல்: "தெரியலீங்க, பிரியாணி உண்டாமா."

பேர் கூப்பிட்டதும் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். செயலாளர் குறுக்கே வந்தார். "அண்ணா, நீங்க கீழ…" அவள் விடவில்லை. அவருக்கும் கூட்டத்தின் முன்னால் தள்ளுமுள்ளு வேண்டாம்.

தலைவர் சால்வையை என் தோளில் போட்டார். "தம்பியா?"

"இல்லீங்க. ஊட்டுக்காரரு" என்றாள் மல்லிகா.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வானத்தைப் பார்த்தார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

தலைவர் பேசினார். பெரும்பாலும் தேர்தல். எதிர்க்கட்சி. இடையில் ஒரு வரி: எதிரிகளைச் சுட்டு வீழ்த்திவிட்டு வீழ்ந்த சிவக்குமார். கைதட்டல். கீழே முதல் வரிசையில் மாமா தட்டவில்லை. குனிந்து மெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மல்லிகா கையில் மைக். தாளை எடுக்கவில்லை.

"வணக்கமுங்க. அவரு யாரையும் சுடலீங்க. பனி சரிஞ்சு புதைஞ்சவங்கள வெறுங்கையில தோண்டுனாருங்க. ரெண்டு பேரு உசுரோட வந்தாங்க. அவரு வரலீங்க. எங்களுக்கு அதுவே பெருசுங்க. அதுல எதையும் சேக்க வேண்டாமுங்க."

யாரும் கைதட்டவில்லை. திட்டவும் இல்லை. உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள். தலைவரைப் பார்த்தேன். போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. இவருக்காகவா வெயிலில் நின்றேன் இத்தனை வருடம்.

கார்கள் போயின. வேன்கள் போயின. பிரியாணி வரிசையில் ஒருத்தர் தன் டி-ஷர்ட் ஓரத்தை இழுத்துக் காட்டி, "இந்தச் சின்னப் படத்துல இருக்கறது யாருங்க?" என்று என்னிடமே கேட்டார்.

"எங்க ஊட்டு ஆளுங்க" என்றேன். எப்படி இருந்தார், எப்படிப் போனார், எல்லாம் சொன்னேன். வரிசை நகர்ந்தும் அவர் நகராமல் கேட்டார். இன்று முழுக்க நடந்த ஒரே மரியாதை அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மல்லிகாவிடம், "நல்லாச் சொன்ன கண்ணு." சட்டையை மடித்து வைத்தார். கசங்கவே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

கட்சி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். செயலாளர் போனும் எடுக்கவில்லை. வருத்தமாக இருக்கும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் இருந்தது. பழைய தோழர்கள் இரண்டு மூன்று பேர் நல்லவர்கள்.

மல்லிகா கோழி வாங்கச் சொன்னாள். முன்னாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

சமைத்துக்கொண்டிருக்கும்போது மாமா போனுக்கு ஒரு அழைப்பு. ராஜஸ்தான்காரர், பேர் கிஷன்லால். அன்று சிவக்குமார் தோண்டி எடுத்த இரண்டு பேரில் ஒருவர். வருடம் தவறாமல் கார்கில் நாள் வருகிற வாரத்தில் கூப்பிடுவாராம். மாமாவுக்கு ஹிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "அவன் என்னமோ சொல்லுவான், நான் சரி சாமி, சரி சாமிம்பேன். அப்பறம் ரெண்டு பேரும் அழுதுபோட்டு வெச்சுருவோம்" என்றார் மாமா. கணியூரில் தனி ஆள், யாரைக் கேட்பார்.

இங்கே முன்னா இருந்தான். போனை வாங்கிக்கொண்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"தாத்தா, இவர் வரலாமானு கேட்குது. சிவா சாப் ஊர், வீடு பாக்கணும். போன வருசமும் கேட்டுச்சு. முந்தின வருசமும் கேட்டுச்சு. நீங்க அழுதீங்க. அதனால உங்களுக்கு கோபம், வர வேணாம்னு நினைச்சுச்சு."

மாமா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"கோவமா? அட என்ற சாமி! வரச் சொல்லு! பொண்டாட்டி புள்ளைகளோட வரச் சொல்லு! தீவாளிக்கு வரச் சொல்லு!"

அந்தப் பக்கம் போனில் அழுகை. இந்தப் பக்கம் மாமா. நடுவில் முன்னா இரண்டு பாஷையிலும் விக்கிக்கொண்டு. அடுப்படியிலிருந்து மல்லிகா, "கறி திம்பாங்களா, மாட்டாங்களான்னு கேளுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. சொன்னால் மாமா கேட்கிறாரா? ஒரம்பரை, அதான் விருந்தாளி, வருகிற வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். கோழிக்குழம்பு இறங்குவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கணியூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.