லேஸ் கட்டும் நேரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தோற்றோம். கடைசி ஐந்து நிமிடத்தில் பந்து என் கையிலிருந்து நழுவி முன்னால் விழுந்தது. விதிப்படி பந்து எதிரணிக்கு. எடுத்தார்கள், ஓடினார்கள், ஜெயித்தார்கள்.

ரக்பி லீக்கில் என்னைப்போல் ஹூக்கர் இடத்தில் ஆடுபவளுக்கு ஓய்வே கிடையாது. எங்களில் ஒருத்தியை மடக்கி வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் பின்னால் ஓடிப்போய், தரையிலிருந்து பந்தை எடுத்து வீசுவது என் வேலை. பந்து அவர்களிடம் இருந்தால் நடுவில் நின்று மடக்குவதும் என் வேலை. ஓர் அளவுக்கு மேல் வலி தெரிவதில்லை. கூட்டத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மைதானத்துக்குப் பின்னால் புல் மூடிக் கிடக்கும் பழைய நிலக்கரிச் சுரங்க மேடு மெல்ல நகர்ந்து பக்கத்தில் வரும். அது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் கொடுமை. இன்றும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வந்தது. கை இருந்தது. நான்தான் இல்லை.

முன்வரிசையில் ஆடும் கீலி, பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோழி, உடை மாற்றும்போது என் தபால்காரி வேலையை இழுத்துக் கேட்டாள்: "பந்தையும் தபால்னு நெனச்சு அவங்க வாசல்லயே போட்டுட்டு வந்துட்டியாடி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 5

தபால் கொடுத்த வீட்டிலெல்லாம் அனுதாபம். நாய்கூடக் குரைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மூச்சு வாங்கினால் குனிந்து லேஸ் கட்டுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். வெளியே போகிறேன் என்று கை தூக்க மட்டும் கூடாது. ஹூக்கர் கை தூக்குவதில்லை. அப்பா ஹூக்கராக ஆடிய காலத்தில் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லையாம். கிளப் சுவரில் மாட்டியிருக்கும் அவர் படத்தைக் காட்டி இன்னமும் சொல்வார்கள்.

இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். குனிந்தேன். என் லேஸ் அவிழவில்லை, நானே அவிழ்த்துவிட்டுக் கட்டினேன். புல் எவ்வளவு அருகில்! ஒவ்வொரு இதழிலும் மழை. அங்கேயே படுத்துவிடலாம்போல் இருந்தது. நிமிர்வதற்குள், நான் நிற்க வேண்டிய இடத்தின் வழியாக அவர்கள் ஆள் ஓடிப்போய் எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டாள். "ஐயோ" என்றேன். அதோடு ஆட்டம் போயிற்று.

காரில் அப்பா சொன்னார்: "விடும்மா. வெளிய வரல இல்ல, அது போதும்." பிறகு வீடு வரைக்கும் இருமிக்கொண்டே வந்தார். எல்லாம் சுரங்க வேலையில் ஏறிய தூசி. டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன கொறச்சல்?" என்பார்.

போதுமாம். யாருக்குப் போதும்?

ஆகஸ்ட் 19

பயிற்சி முடிந்ததும் எங்கள் கோச் ஓல்ட்ராய்ட் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் லேஸுக்கு மட்டும் என்ன சாபம் மார்னி? அறுபதாவது நிமிஷம் ஆனா தானா அவுந்துக்குது?"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"கோப்பை இறுதி ஆட்டத்துல நான் உன்ன வெளிய கூப்பிட மாட்டேன். முடியலன்னா நீயாதான் கை தூக்கணும். பத்து நிமிஷம் உக்காரு, மறுபடி உள்ள போ. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆள வெச்சு ஆரம்பிக்கிறேன்."

தூக்குகிறேன் என்று சொன்னேன். பொய்யா? தெரியவில்லை. தோற்றதெல்லாம் லீக் ஆட்டங்களில்; தனியாக நடக்கும் கோப்பைப் போட்டியில் இறுதிக்கு வந்துவிட்டோம். எங்கள் பெண்கள் அணி ஒரு கோப்பையும் வென்றதில்லை. எனக்கு முப்பத்து நான்கு வயது. இன்னொரு இறுதி ஆட்டம் எனக்கு வரப்போவதில்லை. இதையும் நானே கெடுத்துவிட்டால்?

செப்டம்பர் 6

கனவில் கை தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கை நீண்டு நீண்டு சுரங்க மேட்டையும் தாண்டிப் போயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

உடம்பு வலிக்கிறது. தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எதிரணி மலைக்கு அந்தப் பக்கத்து லங்காஷயர் மாவட்டத்துக்காரர்கள். ஆட்டம் வேறு ஊரில். அங்கே மேடு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டாம் பாதியில் அது வந்தது, அதே மேடு, மெல்ல. சத்தம் தண்ணீருக்குள் போயிற்று. என் கை தானாக லேஸுக்குப் போனது.

பாதி குனிந்தவள் அந்தக் கையை மேலே தூக்கினேன். அப்பப்பா, என்ன கனம்!

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம். அப்பா இருந்த பக்கமே திரும்பவில்லை. யாரோ தோளில் மேல்கோட்டைப் போர்த்தி, ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். மூச்சு வந்த பிறகு ஆட்டத்தைப் பார்த்தேன். களைப்பு வெளியே இருப்பவர்களுக்கு இவ்வளவு நன்றாகத் தெரியுமா? யார் கை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, யார் ஓர் அடி தாமதமாக வருகிறாள், எல்லாம் தெரிந்தது. இத்தனை வருடம் நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்?

திரும்ப உள்ளே போனபோது நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். முடிவு மணி அடிக்கப்போகிற நேரம். பந்தை எடுக்கக் குனிந்தேன். எதிரே அவர்களுடைய ஹூக்கர் மண்டியிட்டு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். லேஸ் அவிழவே இல்லை. எனக்குத் தெரியாதா?

பாவமாக இருந்தது. ஆனாலும் பந்தை வீசாமல் அவளைத் தாண்டி ஓடினேன். பின்னால் "ஐயோ" என்றாள். நான் சொன்ன அதே "ஐயோ". பக்கத்தில் ஓடி வந்த கீலியின் கையில் பந்தை வைத்தேன். அவள் கோட்டைத் தாண்டி விழுந்தாள். நான்கு புள்ளி. அதற்குப் பிறகு கிடைக்கும் உதையும் கம்பங்களுக்கு நடுவே போனது. இன்னும் இரண்டு.

கோப்பை எங்களுக்கு!

"இந்தத் தடவ சரியான விலாசத்துல குடுத்துட்டடி!" என்று கீலி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. கை தூக்கியதற்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். இன்று சாப்பிடும்போது, தட்டில் இருந்த பட்டாணி மசியலைப் பார்த்தபடி, "நானும் லேஸ் கட்டுனவன்தான்" என்றார்.

"எப்பப்பா?"

"எல்லா ஆட்டத்துலயும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடி ஏறினார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று, குனிந்து, காலடியில் எதையோ சரிசெய்தார். வீட்டுச் செருப்புக்கு ஏது லேஸ்?

நான் கீழேயே நின்றேன். கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, அப்பா கையைத் தூக்கினார்.