புதுத் தாரும் சைக்கிள் பாதையும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கண்ணெல்லாம் மண். பள்ளிக்கூடச் சாலையில் பழைய தாரைச் சுரண்டியாயிற்று. வியாழன் புதுத் தார். அதோடு சேர்த்தே இடது ஓரத்தில் சைக்கிள் பாதை.

நகராட்சி ஆபீஸில் மதியக் கூட்டம். நிவேதா திரையில் படம் போட்டுக் காட்டினாள். பொறியாளராக வந்து நான்கு மாதம்தான். ரோடு போடும்போதே பாதைக்கும் கோடு போட்டுவிட்டால் வேலை ஒன்றாகிவிடுமாம். பெரிய சார் முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் கைதட்டல். நானும் தட்டினேன்.

இதையேதான் மூன்று வருடம் முன்பு நான் எழுதிக் கொடுத்தேன். "இப்ப யாருங்க சைக்கிள் ஓட்டுறா?" என்று கேட்டவரும் இதே பெரிய சார்.

வாங்க வேண்டியது: இட்லி அரிசி, பல்வலி மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். குடிநீர்ப் பிரிவிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம். குழாய் மாற்ற அடுத்த மாதம் அதே சாலையின் இடது ஓரத்தைத் தோண்டப் போகிறார்கள். புதுத் தார், புதுக் கோடு, எல்லாம் குழியில்.

உடனே நிவேதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிதம் மேசை இழுப்பறையில்.

டீக்கடையில் பெரிய சார் யாரிடமோ: "அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா போதும்." இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் பக்கத்திலேயே வடையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தோண்டட்டும். அவள் பெயர் கெடட்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை. பல்வலி அதிகம்.

எட்டரைக்குச் சாலையைப் பார்க்கப் போனேன். சுரண்டிய ரோட்டில் வரிசையாகச் சைக்கிள்கள். பஸ்ஸுக்கு ஒதுங்கிய ஒரு பெண்பிள்ளை சறுக்கி விழுந்தாள். ஏழாவது படிப்பாள். முழங்கையில் ரத்தம். தூக்கி உட்கார வைத்தேன். அழவில்லை. "ரோடு எப்ப சார் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். நாளைக்கு என்றேன்.

நேரே ஆபீஸ். கடிதத்தை நிவேதாவிடம் நீட்டினேன். தேதியைப் பார்த்தாள்.

"நேத்தே வந்திருக்கே சார்."

"ஆமா. நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல."

முகம் இறுகியது. இரண்டு பேரும் குடிநீர்ப் பிரிவுக்குப் போனோம். அங்குள்ள அதிகாரி முன்பு பாபநாசத்தில் என்னோடு வேலை பார்த்தவர். அரை மணி நேரம் பேசியதில், குழாய் வேலையை நாளையே தொடங்கச் சம்மதித்தார். வலது பாதிக்கு நாளை தார். குழி மூடியதும் இடது பாதியும் பாதையும்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

ஜூலை 10, வியாழன்

காற்று நின்றிருக்கிறது. தார்ப் புகை அப்படியே முகத்தில்.

பெரிய சார் வந்தார். நல்லவேளை குழாய் விஷயத்தை நிவேதா கண்டுபிடித்தாள் என்றார். "நான் இல்ல சார், இவங்கதான் பேசி முடிச்சாங்க" என்றாள். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. நான் ஒரு நாள் மறைத்ததை அவள் சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பாதை அளக்க டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். ஒன்றரை மீட்டர் என்று வரைபடத்தில் குறித்தாள்.

"பத்தாதும்மா. பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டேதான் போகும். ரெண்டு மீட்டர் போடுங்க."

ஒன்றரையை அடித்து இரண்டு என்று எழுதினாள். திருத்தத்துக்கு என் கையெழுத்தும் வேண்டுமாம். அவளுடையதற்குக் கீழேதான் இடம் இருந்தது. போட்டேன்.