எழுபத்தைந்துக்கு மேல் ஏறாத திரை

மாப்ளே,

இன்று காலை ஏலக் கூடத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்துக் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். நாலைந்து ஏலக்காய் அரிசி விழுந்தது. சாம்பிளைப் பிரித்து, நசுக்கி, மோந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கண்ட இடத்தில் சிந்துவது ஏலம் எடுக்க உட்காரும் உங்கள் எல்லாருக்கும் வழக்கம்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற நான் திட்டுவதும் வழக்கம்தான். நீ போய் ஆறு மாதமாகிறது. இன்று திட்ட வாய் வரவில்லை.

போன வருஷச் சீசனில் ஒருநாள் கூப்பிட்டாய். “மாப்ளே, வெரசா வா. என் ஸ்கிரீனு மட்டும் லேட்டாக் காட்டுது. பக்கத்து சீட்டுக்காரன் வெலய ஏத்திப் பட்டன அமுக்குன பொறகுதான் எனக்கு வெல மாறுது.”

எல்லாத் திரைக்கும் விலை ஒரே நேரத்தில்தான் வருகிறது என்றேன். உன்னிடம் பேசி ஜெயித்தவன் போடியில் யார்? திரை நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, அதை வேண்டுமானால் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்று வாயை விட்டேன். பிடித்துக்கொண்டாய்.

மறுநாள் ஏலம் தொடங்குமுன் எழுபத்தைந்துக்கு ஏற்றினேன். நின்றது. “இன்னும் ஏத்துடா” என்றாய். எண்பது வைத்ததும் திரை கருத்துவிட்டது. உன் முகமும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவே எழுபத்தைந்துக்குத் திரும்பியது. இதற்குமேல் இது தாங்காது, ஏற்றியதிலும் கண் இமைக்கும் நேரம்கூட மிச்சமாகாது என்று சொன்னேன். “இப்பப் பளிச்சுனு வருது பாரு” என்றாய்.

அந்த வாரமும் நீ எடுக்க வேண்டிய ஏலக்காய் லாட்டுகள் உன் கையைவிட்டுப் போயின. உன்னை ஏலம் எடுக்க உட்காரவைத்த முதலாளி போனில் கத்தியது என் காதிலேயே விழுந்தது. கோளாறைக் கண்டுபிடிக்க உன் பின்னால் வந்து நின்றேன். விலை சட்டென்று மாறியது. உன் விரல் பொத்தானுக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. அது இறங்குவதற்குள் வேறொருவர் விலையை ஏற்றிவிட்டார்.

நீ திரும்பாமலே சொன்னாய்: “பாத்துட்டியா? யார்ட்டயும் சொல்லிறாத மாப்ளே. இந்தச் சீட்டும் போச்சுன்னா நான் எங்க போயி உக்காருவேன்?”

நான் சொல்லவில்லை. உன் முதலாளி கேட்டபோதெல்லாம் மானிட்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று கூசாமல் புளுகினேன். மூன்று மாதம் புளுகினேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

கடைசியில் நீதான் ஏலத்தின் நடுவே எழுந்து அவருக்குப் போன் போட்டாய். “ஸ்கிரீனு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. என் கைதான் வரமாட்டேங்குது.” அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போனோம். மூளையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் டாக்டர் முதலில் கேட்டதே, “ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?” என்றுதான். நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பினால் நான் உடைந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

மன்னித்துக்கொள் மாப்ளே. உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டும்.

நேற்றும் ஒருவர் ஸ்கிரீன் லேட்டாக வருகிறது என்று கூப்பிட்டார். “கைய நீட்டுங்கண்ணே” என்றேன். என்ன சோசியமா என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். நடுக்கம் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் திரைப்பக்கம் திரும்பினேன்.